ஐ7, 16 ஜிபி, விலையும் குறைவு: பழைய டெஸ்க்டாப்பில் எதைப் பார்த்து வாங்குவது?

புதுவிசை
எல்லோருக்கும் வணக்கம். வீட்டுக்குப் பொதுவாக ஒரு டெஸ்க்டாப் வேண்டும். தங்கை கல்லூரியில் நிரலாக்கம் படிக்கிறாள். அப்பா வரவு செலவு எழுதுவார், ராத்திரி வீடியோ பார்ப்பார். நான் எப்போதாவது போட்டோ திருத்துவேன். புதுசு வாங்குகிற நிலைமை இப்போது இல்லை. தேடித் தேடி மூன்றில் வந்து நிற்கிறேன்.

(அ) ஒரு கடையில் ரீஃபர்பிஷ்டு (பழசைச் சரிபார்த்து மறுபடி விற்கும்) டவர். இன்டெல் ஐ7 பிராசஸர், 16 ஜிபி ரேம், 512 ஜிபி புது எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு). எந்த ஐ7 என்று கேட்டேன், 3770 என்றார்கள். மூன்றிலும் இதுதான் மலிவு.

(ஆ) இன்னொரு கடையில் டெல் ஆப்டிப்ளெக்ஸ் 5060, சின்னப் பெட்டி. ஐ5-8500, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி.

(இ) ஒருவர் தன் கேமிங் பிசியை விற்கிறார். ஏஎம்டி ரைசன் 5 3600 பிராசஸர், 16 ஜிபி, ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு. இருப்பதில் இதுதான் விலை அதிகம்.

மனசு (அ) பக்கம் சாய்கிறது. ஐ7 ஆச்சே. என்ன சொல்கிறீர்கள்?

கம்பிவடம்
(ஆ). யோசிக்கவே வேண்டாம். 3770 வெளியானது 2012ல்.

சால்டரிங்
தம்பி, கம்பிவடம் சொன்னது சரி, காரணத்தை நான் சொல்கிறேன். பிசி பழுது பார்ப்பதுதான் எனக்குப் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளும்.

பழைய டெஸ்க்டாப்பில் உள்ளதை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரேம், எஸ்எஸ்டி, கீபோர்டு, மவுஸ், வைஃபை எல்லாம் ஒரு ஸ்க்ரூடிரைவரும் அரை மணி நேரமும் இருந்தால் நீங்களே மாற்றக்கூடியவை. பிராசஸரின் தலைமுறை, மதர்போர்டு, அலுவலகப் பெட்டியாக இருந்தால் கேபினட், எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் தரும் பெட்டி), இவை நடைமுறையில் மாற்ற முடியாதவை. மதர்போர்டை மாற்றினால் அது வேறு கணினி. கடைக்காரர் எங்கே செலவு செய்வார்? மாற்றக்கூடிய இடத்தில்தான். 2012ஆம் வருடத்துப் போர்டில் புது எஸ்எஸ்டியும் 16 ஜிபி ரேமும் போட்டுவிட்டால் விளம்பரத்தில் எல்லாமே பெரிய எண்ணாகத் தெரியும். அந்த ரேம் டிடிஆர்3 என்ற பழைய வகை, நாளைக்கு வேறு கணினி வாங்கினால் அதில் ஏறாது.

ஐ3, ஐ5, ஐ7 என்பது அந்தந்த வருடத்து வரிசைக்குள் இருக்கும் படிநிலை, அவ்வளவுதான். கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3770 மூன்றாம் தலைமுறை, 8500 எட்டாம் தலைமுறை, 10500 பத்தாம் தலைமுறை. 3770ல் நான்கு கோர் (வேலை செய்யும் மையம்), எட்டு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை). 8500ல் ஆறு கோர், ஆறு த்ரெட், ஆனால் ஒவ்வொரு கோரும் தனித்தனியாகவே வேகம் கூடியது. ஏழாம் தலைமுறை வரை சாதாரண டெஸ்க்டாப் ஐ5 பெரும்பாலும் நான்கு கோர்தான். எட்டில்தான் இன்டெல் ஆறாக்கியது. பழைய ஐ5க்கு இருந்த நான்கு கோர் ஐ3-8100க்கே வந்துவிட்டது. ஆகவே எட்டாம் தலைமுறை ஐ3யையும் மட்டமாக எண்ண வேண்டாம்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியல் சில விதிவிலக்கு போக இன்டெல்லில் எட்டாம் தலைமுறையிலும், ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலும் தொடங்குகிறது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பட்டியலில் இல்லாத கணினியிலும் குறுக்கு வழியில் நிறுவலாம், எத்தனையோ பேருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். ஆனால் பெரிய பதிப்பு ஒவ்வொன்று வரும்போதும் மறுபடி கையால்தான் ஏற்ற வேண்டும். அப்பா உபயோகிக்கும் கணினிக்கு அந்தத் தலைவலி எதற்கு?

பென்குயின்பிரியன்
மைக்ரோசாஃப்ட் பட்டியலை வேதமாக்குகிறீர்கள் அண்ணே. அந்தப் பட்டியலால்தான் ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகளை ஆளுக்கு ஆள் தள்ளிவிடுகிறார்கள். மலிவாக வாங்க நினைப்பவன் பார்க்க வேண்டிய இடமே அதுதான். ஐ7-7700 எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கோர், எட்டு த்ரெட், டிடிஆர்4 ரேம், என்விஎம்இ என்ற வேகமான வகை எஸ்எஸ்டியிலிருந்து பூட் ஆகும் போர்டு. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டால் இன்னும் பல வருடம் ஓடும். தங்கை நிரலாக்கம் படிக்கிறாள் என்றால் லினக்ஸ் அவளுக்கு லாபம்தான்.

3770 வேண்டாம் என்பதில் எனக்கும் மறுப்பில்லை. காரணம் விண்டோஸ் கிடையாது, வீடியோ. இப்போது யூடியூப் அனுப்புவது பெரும்பாலும் விபி9 அல்லது ஏவி1 என்ற வடிவத்தில் சுருக்கிய வீடியோ. மூன்றாம் தலைமுறையின் கிராஃபிக்ஸுக்கு இரண்டையுமே தானாகப் பிரிக்கத் தெரியாது, சுமை முழுக்க பிராசஸர் தலையில் விழும், காற்றாடி இரையும். ஏழாம் தலைமுறை விபி9ஐயும் 10 பிட் எச்இவிசி என்ற இன்னொரு வடிவத்தையும் வன்பொருளிலேயே பிரித்துவிடும். ஏவி1 வேண்டுமென்றால் இன்டெல்லில் பதினொன்றாம் தலைமுறைக்குப் போக வேண்டும்.

கணக்குப்பிள்ளை
பென்குயின் சார், அவர் அப்பா கணக்கு எழுதும் மென்பொருள் விண்டோஸில் மட்டும் ஓடுவதாக இருந்தால்? எங்கள் அலுவலகத்தில் இந்தப் பரிசோதனை நடந்தது. ஒரு வாரம் எல்லாரும் பொறுமையாக இருந்தார்கள். பிரிண்டர் விஷயம் வந்ததும் கதை முடிந்தது.

பென்குயின்பிரியன்
எந்த வருடத்துப் பிரிண்டர்? இப்போது நெட்வொர்க் பிரிண்டர்களில் பெரும்பாலானவை டிரைவர் இல்லாமலே லினக்ஸில் வேலை செய்கின்றன.

கணக்குப்பிள்ளை
பெரும்பாலானவை. எங்களுடையது அந்தச் சிறுபான்மை.

கம்பிவடம்
லினக்ஸ் சண்டைக்குத் தனி இழை இருக்கிறது. கேட்டவருக்குப் பதில் சொல்வோம்.

புதுவிசை
அப்பாவிடம் கேட்டேன், விண்டோஸ்தான் வேண்டுமாம். (அ)வை விட்டுவிட்டேன். (இ) எப்படி? அதில்தான் கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது, கேம் இருந்தால் தங்கை வேண்டாம் என்று சொல்ல மாட்டாள்.

வெண்கலமணி
இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

(இ)யில் ஒரு பெரிய நன்மை இருக்கிறது. தனித்தனியாக வாங்கிச் சேர்த்த பிசி. எஸ்எம்பிஎஸ், கேபினட், போர்டு எல்லாம் பொது அளவு, எது போனாலும் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். சால்டரிங் அண்ணன் பிரித்த கணக்கில், இங்கே மாற்ற முடியாதது என்று ஏறக்குறைய எதுவும் இல்லை. 3600 வெளியானது 2019, விண்டோஸ் 11 பட்டியலில் இருக்கிறது.

கவலை கார்டு மேல்தான். 1660 சூப்பர் கிரிப்டோ நாணய மைனிங் செய்தவர்களுக்கு மிகவும் பிடித்த கார்டு. 2022 செப்டம்பரில் எத்தேரியம் என்ற நாணயம் மைனிங் முறையைக் கைவிட்டதும் அந்தக் கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதற்காகவே ஒரு கார்டு கெட்டுவிடாது. ஆனால் இரவு பகலாக நினைவகம் சூட்டில் கிடந்திருக்கும், சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்திருக்கும், காற்றாடி தேய்ந்திருக்கும். இவருடையது அப்படிப்பட்டதா என்று கார்டைப் பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. கனமான கேம் ஒன்றையோ ஸ்ட்ரெஸ் டெஸ்டையோ அரை மணி நேரம் அவர் வீட்டிலேயே ஓட விடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ திறந்து வெப்பத்தைப் பாருங்கள். திரையில் புள்ளி, கோடு, நிறக் கட்டம் எது வந்தாலும் நன்றி சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

3600ல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள். கார்டு போனால் திரையே வராது. எஸ்எம்பிஎஸ் என்ன பிராண்டு என்று கேளுங்கள். கார்டுக்கும் பிராசஸருக்கும் காசைக் கொட்டிவிட்டு எஸ்எம்பிஎஸ்ஸில் மிச்சம் பிடித்தவர்கள் ஏராளம். பில் இருந்தால் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

சம்பந்தம் இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பழைய சந்தையில் 13, 14ஆம் தலைமுறை ஐ9 மலிவாகக் கிடைத்தால் உடனே பாய வேண்டாம். தேவைக்கு மேல் மின்னழுத்தம் போய் உள்ளுக்குள் நிரந்தரமாகச் சேதமாகும் சிக்கல் அவற்றில் இருந்தது. 2024ல் இன்டெல் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தது, பெட்டியில் விற்ற பிராசஸர்களுக்கு உத்தரவாதத்தையும் இரண்டு வருடம் கூட்டியது. திருத்தம் இனிமேல் சேதம் வராமல் தடுக்கும், ஏற்கெனவே ஆன சேதத்தைச் சரி செய்யாது. அந்தத் திருத்தம் வருவது பயாஸ் (போர்டின் அடிப்படை மென்பொருள்) வழியாக, முந்தைய உரிமையாளர் அதை எப்போது புதுப்பித்தார் என்று யாருக்குத் தெரியும்?

நூலகப்பூனை
அலுவலகத்திலிருந்து வரும் பெட்டிகளைப் பற்றி நான் சொல்கிறேன். எங்கள் நூலகத்தில் வாசகர்களுக்கு வைத்திருப்பவை எல்லாம் அவைதான். பெரிய நிறுவனங்கள் வாடகை ஒப்பந்தத்தில் எடுத்து மூன்று முதல் ஐந்து வருடத்தில் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. ஆப்டிப்ளெக்ஸ், எச்பியின் எலைட்டெஸ்க், லெனோவோவின் திங்க்சென்டர் சந்தையில் குவிவது அதனால்தான். குளிரூட்டிய அறையில் கடிதம் தட்டச்சு செய்தவை, பெரும்பாலும் அடி வாங்காதவை.

நாங்கள் எடுத்தது ஒரு லிட்டர் அளவுள்ள குட்டிப் பெட்டிகள். டெல் அதை மைக்ரோ என்கிறது, லெனோவோ டைனி, எச்பி மினி. மானிட்டர் முதுகில் திருகி வைத்துவிடலாம். சத்தம் இல்லை, மின்சாரமும் கொஞ்சம்தான். பிராசஸர் எண்ணின் முடிவில் டி என்று இருந்தால் 35 வாட் வகை, சாதாரணமானது 65 வாட். நீண்ட நேரச் சுமையில் டி வகை கொஞ்சம் மெதுவாகும், கணக்குக்கும் வீடியோவுக்கும் தெரியாது.

வாங்குகிறவர்கள் இடறுவது அடாப்டரில். இவற்றின் மின் அடாப்டர் லேப்டாப் போல வெளியே இருக்கும், 65 வாட், 90 வாட் என்று வகை உண்டு. விற்பவர் பொருந்துகிற ஏதோ ஒன்றைக் கொடுத்துவிடுவார். சில மாடல்கள் அடாப்டரை அடையாளம் காண முடியாவிட்டால் பிராசஸரை வேண்டுமென்றே வேகம் குறைத்து ஓட்டும். எல்லாம் சரியாக இருக்கிறதே, ஏன் இழுக்கிறது என்று தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். அசல் அடாப்டர் இல்லாமல் வாங்காதீர்கள். ரேமும் லேப்டாப் அளவுதான். கிராஃபிக்ஸ் கார்டு ஆசையை மறந்துவிட வேண்டும்.

ஏஎம்டி ரைசன் புரோ போட்ட அலுவலகப் பெட்டி என்றால் இன்னொன்று உண்டு. அந்தப் பிராசஸர் ஒரே நிறுவனத்தின் போர்டோடு பூட்டப்பட்டிருக்கலாம். முழுப் பெட்டியாக உபயோகிப்பவர்களுக்குக் கவலை இல்லை. பிராசஸரை மட்டும் தனியாக வாங்கி வேறு போர்டில் போட நினைப்பவர்கள்தான் ஏமாறுவார்கள்.

புதுவிசை
நன்றி அக்கா. (ஆ) அவ்வளவு குட்டி இல்லை, அதைவிடப் பெரியது. அதில் பிற்பாடு கிராஃபிக்ஸ் கார்டு போட்டுக்கொள்ள முடியுமா?

வெண்கலமணி
முடியும், ஆனால் கட்டுப்பாட்டோடு. அந்த வகைப் பெட்டியில் பாதி உயரக் கார்டுதான் நுழையும். எஸ்எம்பிஎஸ் 200 வாட் அளவுதான், கார்டுக்கென்று தனி மின்வடமும் இருக்காது. ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் ஓடுவதாக இருக்க வேண்டும். பாதி உயரத்தில் வரும் ஜிடிஎக்ஸ் 1650 நல்ல பொருத்தம். ஆர்எக்ஸ் 6400 எடுப்பதற்கு முன் யோசியுங்கள். அதில் போர்டோடு பேசும் பாதை (பிசிஐஇ லேன்) நான்குதான், எட்டாம் தலைமுறைப் போர்டில் ஸ்லாட் பழைய 3.0 வகை என்பதால் வேகம் இறங்கும். எஸ்எம்பிஎஸ்ஸையே பெரிதாக மாற்றிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அலுவலகப் பெட்டிகளில் வடிவமும் மின்வடத்தின் முனையும் வேறு.

சால்டரிங்
(ஆ)வைப் பார்க்கப் போவதாக இருந்தால், தம்பி, இப்படிப் போங்கள்.

வருவதற்கு முன் கணினியைப் போட்டு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். போனதும் கேபினட்டின் பின்பக்கம் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓடியிருக்கிறது. குளிர்ந்த நிலையில் தொடங்கும்போதுதான் சில கோளாறு வெளியே வரும்.

அடியிலோ பின்னாலோ இருக்கும் சர்வீஸ் டேக் எண்ணை எடுத்துத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். எப்போது அனுப்பப்பட்டது, என்ன பிராசஸர், எவ்வளவு ரேம் என்று முதல் நாள் விவரம் வரும். புது எஸ்எஸ்டி போட்ட பெட்டியில் வட்டின் ஓடிய மணிக்கணக்கு கணினியின் வயதைச் சொல்லாது. இந்த எண் சொல்லும்.

பிறகு எஃப்2 தட்டி பயாஸுக்குள் போங்கள். பாஸ்வேர்டு கேட்டால் நிறுத்துங்கள். பல அலுவலக டெஸ்க்டாப்களில் அதை அழிக்கப் போர்டிலேயே ஜம்பர் என்ற சின்னச் செருகி இருக்கும், கடைக்காரரே உங்கள் கண்ணெதிரில் செய்து கொடுக்கட்டும். "அதெல்லாம் தேவைப்படாது சார்" என்ற பதில் கிடைத்தால் வேறு கடை. தேதியும் நேரமும் தவறாக இருந்தால் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கிறது, அது அற்ப விஷயம்.

இதைவிடப் பெரிய பூட்டு வெளியே தெரியாது. நிறுவனங்கள் தங்கள் கணினிகளை மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட் பட்டியலில் பதிந்து வைக்கும். விற்கும்போது நீக்க மறந்திருந்தால், நீங்கள் வீட்டில் விண்டோஸை ரீசெட் செய்து இணையத்தில் இணைத்த கையோடு ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரில் வரவேற்பு வந்து அலுவலகக் கணக்கைக் கேட்கும். பதிவை நீக்க அந்த நிறுவனத்தால்தான் முடியும். வட்டை மாற்றினாலும் போகாது, ஏனென்றால் பதிவு வன்பொருளோடு சேர்ந்தது. ஆகவே கடையிலேயே இணையத்தில் இணைத்து ரீசெட் செய்து, தனிப்பட்ட கணக்கோடு முதல் திரையைத் தாண்டிப் பாருங்கள். நேரம் பிடிக்கும். பிடிக்கட்டும்.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ ஓட்டினால் எஸ்எஸ்டியின் உடல்நிலை சதவீதமும் ஓடிய மணியும் தெரியும். அலுவலக நேரம் மட்டும் ஓடியது என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 2,000 மணி. ஓயாமல் ஓடினால் 8,760. சுழலும் ஹார்டு டிஸ்காக இருந்து, பழுதாகி மாற்றி ஒதுக்கிய செக்டரோ (வட்டின் சிறு பகுதி) நிலுவையில் உள்ள செக்டரோ பூஜ்யத்துக்கு மேல் இருந்தால் அந்த வட்டுக்கு மதிப்பில்லை என்று வைத்து விலை பேசுங்கள்.

மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். கெபாசிட்டர் தலை உப்பியிருக்கிறதா, கருகல் வாசனை வருகிறதா, திருகுகள் எல்லாம் இருக்கின்றனவா என்று பாருங்கள். தூசி பரவாயில்லை. துரு ஆகாது, தண்ணீர் பட்டது. முன்பக்கம் பின்பக்கம் எல்லா யூஎஸ்பியிலும் பென்டிரைவ் செருகிப் பாருங்கள், ஹெட்போன் துளையையும் விடாதீர்கள்.

கணக்குப்பிள்ளை
லைசென்ஸை விட்டுவிட்டீர்களே. விண்டோஸோடு வந்த பெட்டியில் சாவி பயாஸுக்குள்ளேயே இருக்கும், நிறுவி இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகும். சில கடையில் நிறுவனங்களுக்கான மொத்தச் சாவி முறையில் ஆக்டிவேட் செய்து கொடுப்பார்கள். அது 180 நாளுக்குத்தான் நிற்கும், புதுப்பிக்காவிட்டால் திரை ஓரத்தில் நச்சரிக்கத் தொடங்கும். அதற்குள் கடை உத்தரவாதம் முடிந்திருக்கும்.

கம்பிவடம்
ரீஃபர்பிஷ்டு என்று பலகை வைத்தவனுக்கெல்லாம் கூடுதல் விலை எதற்கு என்பது என் கட்சி. துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருப்பான். தனிநபரிடம் வாங்கினால் விலை இறங்கும், யார் எப்படி உபயோகித்தார் என்றும் கேட்கலாம்.

நூலகப்பூனை
வேலை செய்யாவிட்டால் அந்தத் தனிநபர் போனை எடுப்பாரா?

என்னைக் கேட்டால் கடையில் வாங்குவது உத்தரவாதத்துக்காகத்தான். எந்த உறுப்பை மாற்றினீர்கள், எத்தனை நாளுக்குள் திருப்பித் தரலாம், உத்தரவாதம் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் போர்டுக்கும் உண்டா என்று கேட்டு, பதிலைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும். எழுதித் தயங்காமல் கொடுக்கிற கடைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். எழுத மாட்டேன் என்கிற கடைக்கும் கம்பிவடம் சொல்லும் தனிநபருக்கும் வித்தியாசம் கிடையாது, அப்போது தனிநபரே மேல்.

கம்பிவடம்
அந்த வரையில் சரி.

புதுவிசை
போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். டேக் எண்ணில் வந்த விவரமும் பிராசஸரும் பொருந்துகின்றன. பயாஸ் பாஸ்வேர்டு இருந்தது, சொன்னதும் முணுமுணுத்துக்கொண்டே ஜம்பரை எடுத்து அழித்தார். ரீசெட் செய்து இணையத்தில் இணைத்தேன், எந்த நிறுவனப் பெயரும் வரவில்லை. ஆக்டிவேட் ஆகிறது. எஸ்எஸ்டிதான் பெயரே கேள்விப்படாத பிராண்டு. ரேம் 8 ஜிபி ஒரே ஸ்டிக்காக இருக்கிறது. எடுக்கலாமா?

சால்டரிங்
எடுங்கள். அந்த எஸ்எஸ்டியை நம்பி போட்டோவை வைக்காதீர்கள். விலையில் அதைக் கழித்துக் கேளுங்கள், கழித்த காசோடு இன்னும் கொஞ்சம் போட்டு நல்ல என்விஎம்இ ஒன்று வாங்கி அதில் புதிதாக விண்டோஸ் நிறுவுங்கள். முன்னால் யார் என்ன ஏற்றி வைத்திருந்தாலும் அதோடு போய்விடும்.

ரேமை இன்னொரு 8 ஜிபி சேர்த்து இரட்டைச் சேனலாக்கினால் (இரண்டு ஸ்டிக்கும் சேர்ந்து ஓடினால்) உள்ளமைந்த கிராஃபிக்ஸுக்கே வேகம் கூடும். ஆனால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை எகிறிக் கிடக்கிறது, அதனால் வெளியே தேடுவதற்கு முன் கடைக்காரரிடமே இருக்கிறதா என்று கேளுங்கள். வேறு பெட்டியிலிருந்து கழற்றிய டிடிஆர்4 அவரிடம் கட்டாயம் இருக்கும். சர்வரில் இருந்து கழற்றிய ரிஜிஸ்டர்டு ரேமைக் கொடுத்தால் வாங்காதீர்கள், மலிவாக இருக்கும், இந்தப் போர்டில் வேலை செய்யாது.

புதுவிசை
வாங்கியாயிற்று. 16 ஜிபி ஆக்கிக் கொடுத்தார், உத்தரவாதத்தையும் பில்லில் எழுதினார். ஒரு கடைசிச் சந்தேகம். பின்னால் இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருக்கிறது, எங்கள் மானிட்டரில் எச்டிஎம்ஐதான். எந்த அடாப்டர் வாங்குவது?

நூலகப்பூனை
கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், மானிட்டர் பக்கம் எச்டிஎம்ஐ என்றால் சாதாரண பாசிவ் அடாப்டர் போதும், 1080பி திரைக்குக் குறையே இருக்காது. 4கே திரையில் 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் மட்டும் ஆக்டிவ் வகை கேளுங்கள். கேபிளாகவே வாங்குவதாக இருந்தால் திசையைப் பார்த்து வாங்குங்கள். எச்டிஎம்ஐயிலிருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகிற கேபிளைத் திருப்பிப் போட்டால் படம் வராது.